எஞ்சின் ஓடியபடி ஐடிலில் நின்றால் கூலண்ட் பொங்கும் பழைய வண்டிகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தாம்பரம்:
பொங்கல் லீவு முடிந்து எல்லோரும் சென்னைக்குத் திரும்புகிற ஞாயிறு, பரனூர் டோலில் வரிசை நகரவே இல்லை. திண்டிவனத்திலிருந்து எண்பதில் வந்தபோதெல்லாம் பாதியில் நின்ற எஞ்சின் சூடு காட்டும் முள், அங்கே வந்து நின்றதும் ஏறிக்கொண்டே போய் சிவப்பைத் தொட்டது. பானெட்டைத் திறந்தால், எஞ்சினைக் குளிர வைக்கிற கூலண்ட் இருக்கும் டப்பா பொங்கி பச்சைத் தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது, ஃபேன் அசையவே இல்லை. என் வண்டியில் ஏசிக்கும் ரேடியேட்டருக்கும் ஒரே ஃபேன்தான், சரி பார்ப்போம் என்று ஏசியைப் போட்டேன், உடனே சுற்றியது! மோட்டார் நல்லா இருக்கு, ஃபியூஸ் நல்லா இருக்கு, சூடு ஏறியதும் ஃபேனைப் போட வேண்டிய சுவிட்ச்தான் செத்துக் கிடந்தது. மாற்றியாச்சு. ஆனாலும் டோலில் நின்றால் இன்னும் என் கண் முள்ளை விட்டு நகர்வதில்லை.

நாமக்கல்:
எல்லாவற்றுக்கும் ஃபேன் சுவிட்ச் காரணம் இல்லை தம்பி. எங்கள் பழைய டீசல் ஜீப்பில் ஃபேன் பெல்ட்டில் ஓடுவது, சுவிட்சே கிடையாது. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் கேஸும் தண்ணீரும் கலக்காமல் எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் தகடு) போச்சு, எஞ்சினைப் பிரிக்கணும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை ஆறின எஞ்சினைப் பார்த்தேன், மேல் ஓஸ் சப்பையாக ஒட்டிக் கிடக்கிறது, டப்பா நிறைய கூலண்ட், ரேடியேட்டரில் பாதிகூட இல்லை. ரேடியேட்டர் மூடிக்குள் இருக்கிற சின்ன வால்வு அடைத்துக்கொண்டால் வெளியே போன தண்ணீர் ஆறும்போது திரும்பி வராது, அவ்வளவுதான் விஷயம். மூடியை மட்டும் மாற்றினேன், இன்றுவரை ஓடுகிறது. அப்புறம், எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டேன், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு?

கோவை:
எனக்கு நடந்தது வேற. வயரிங் வேலை முடிந்து வந்ததிலிருந்து சிக்னலில் நின்றால் சூடு, ஆனால் ஃபேன் ஜோராகச் சுற்றுகிறது. யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் நோட்டுத் தாள் ஒன்றைக் கிழித்து முன்னால் கிரில் மேல் வைத்தார். உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டிய தாள் பறந்து போய்த் தரையில் விழுந்தது. மோட்டாருக்குப் போகிற இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றி எஞ்சின் சூட்டை ரேடியேட்டர் வழியாக முன்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

திருச்சி:
நாமக்கல் அண்ணே, மூடி விஷயம் சரி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அது பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறந்துவிடும். திறந்த பிறகும் சூடு ஏறினால் குற்றம் அதில் இல்லை. சில எஞ்சின்களில் அதை எடுத்துவிட்டால் பைபாஸ் வழி மூடாது, கொஞ்சம் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். மூடி வாங்கும்போது மேலே எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 0.9 என்றால் 0.9 பார் அழுத்தம், அதில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் வெயிட் போடாத குக்கர் மாதிரி, 100-லேயே கொதித்து டப்பாவுக்கு ஓடிவிடும். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைக்கும். கேஸ்கெட்டில் சந்தேகம் இருந்தால் காலையில், எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் கொஞ்சம் குமிழி வருவது சகஜம், நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எஞ்சின் சிலிண்டரில் எரிகிற கேஸ் தண்ணீருக்குள் வருகிறது. சூட்டோடு மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள். நான் நின்றுகொண்டிருந்த பட்டறையில் ஒரு பையன் துணியைச் சுற்றித் திருகினான், மூடி கூரையில் போய் அடித்தது, முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது. அவன் அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

நாமக்கல்:
ஜீப்பில் பைபாஸ் எப்படி என்று நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் தம்பி.