சீப்ரா மீன், எலி: மரபணு வெளிப்பாட்டை ஒப்பிடுவது எப்படி?

வணக்கம். காயம்பட்ட இதயத்தில் எந்த மரபணுக்களின் வெளிப்பாடு ஏறுகிறது என்று சீப்ரா மீனிலும் எலியிலும் ஆர்என்ஏ-செக் (ஆர்என்ஏ-வை வரிசைப்படுத்தி எண்ணும் முறை) தரவை வைத்துப் பார்க்கிறேன். மீனின் இதயம் திரும்ப வளரும். வளர்ந்த எலிக்குத் தழும்புதான் மிஞ்சும்.

டிபிஎம் (மரபணு நீளத்துக்கும் மொத்தத் தரவுக்கும் சரிசெய்த வெளிப்பாடு) அளவுகளை ஒன்றாகப் போட்டு பிசிஏ (ஒத்த மாதிரிகளை அருகருகே காட்டும் படம்) வரைந்தால் மாதிரிகள் இனவாரியாகத்தான் பிரிகின்றன. சரி, அது எதிர்பார்த்ததுதான். அதனால் ஒவ்வொரு இனத்தையும் டிஇசெக்2 என்ற மென்பொருளில் தனியே ஓட்டி, மடங்கு மாற்றத்தை (காயத்தால் வெளிப்பாடு எத்தனை மடங்கு மாறியது என்பதை) மட்டும் ஒப்பிடப் போகிறேன்.

சிக்கல் இரு இனங்களின் மரபணுக்களை ஜோடி சேர்ப்பதில். மீன்களின் மூதாதையில் மரபணுத்தொகுதி கூடுதலாக ஒருமுறை இரட்டித்ததால், எலியின் சாக்ஸ்9 மரபணுவுக்கு மீனில் சாக்ஸ்9ஏ, சாக்ஸ்9பி என இரண்டு. என்சம்பிள் மரபணுத் தரவுத்தளத்தில் ஒன்றுக்கு ஒன்று பொருந்துபவற்றை மட்டும் எடுத்தால் இவை விழுந்துவிடும். இரண்டின் ரீட் (வரிசைப்படுத்திய துண்டு) எண்ணிக்கையையும் கூட்டலாமா? அப்புறம், காயத்துக்குப் பிந்தைய நாள்களை இரு இனங்களுக்கும் இடையே எப்படிப் பொருத்துவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.