கிளாபர் உப்பு 32 டிகிரியில் உறையவில்லை, 23-ல் நிற்கிறது: எங்கே தவறு?

கேள்வி

வணக்கம். வெப்பம் சேமிக்கும் பொதிக்காக 100 கிராம் நீரற்ற சோடியம் சல்பேட்டை 127 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கலந்து, 80 டிகிரி வரை சூடாக்கி, படிகம் உருவாகத் தொடங்குவதற்காக 3 சதவீதம் வெண்காரம் (போராக்ஸ்) சேர்த்துப் பாலித்தீன் பையில் போட்டு ஒட்டினேன். 10 டிகிரி வாட்டர் பாத்தில் வைத்தால், உறைய வேண்டிய 32.4-ல் எதுவும் நடப்பதில்லை. 17 வரை இறங்குகிறது, பிறகு சட்டென்று 23.5-க்கு ஏறி அங்கேயே நிற்கிறது. படிகங்கள் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கின்றன. அடியில் வெள்ளைப் படிவு. வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளைப் பனிநீரில் சோதித்துவிட்டேன், சரியாகவே காட்டுகிறது. வெண்காரம் ஏன் வேலை செய்யவில்லை?

பதில் 1

தெர்மோகப்பிள் பொய் சொல்லவில்லை. உங்கள் பையில் உறைந்திருப்பது வேறு பொருள். 24 டிகிரிக்குச் சற்றுக் கீழே நிற்கும் அந்தச் சமதளம் ஏழு நீர் மூலக்கூறு கொண்ட ஹெப்டாஹைட்ரேட்டின் கையொப்பம். உங்களுக்கு வேண்டியது பத்து நீர் கொண்ட டெக்காஹைட்ரேட், அதாவது கிளாபர் உப்பு.

உறுதி குறைந்தது ஏன் முந்திக்கொள்கிறது? படிகக்கரு உருவாவதற்கான தடை, பரப்பு ஆற்றலின் (படிகத்துக்கும் திரவத்துக்கும் இடையே பரப்பை உண்டாக்கத் தேவையான ஆற்றல்) மும்மடியை உந்துவிசையின் (உறைவதால் கிடைக்கும் ஆற்றல் லாபம்) இருமடியால் வகுத்த அளவுக்கு இருக்கும். உந்துவிசை பாதியானால் தடை நான்கு மடங்கு. ஆனால் பரப்பு ஆற்றலும் பாதியானால் தடை எட்டில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் தடை பாதிதான். திரவத்தோடு பரப்பு ஆற்றல் குறைவாக உள்ள படிக வடிவம், நிலைத்தன்மையில் பின்தங்கியிருந்தாலும், முதலில் கருவாகிவிடும். வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் 1897-ல் சொன்ன படிநிலை விதி இதுதான். விதி என்றாலும் எப்போதும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியே விட்டால் ஹெப்டா நீண்ட நேரம் நிற்கும். 20 டிகிரியில் அது 100 கிராம் நீரில் சுமார் 44 கிராம் (நீரற்ற உப்பாகக் கணக்கிட்டால்) கரையும், டெக்கா 19.5 அளவே. அதாவது திரவம் டெக்காவைப் பொறுத்தவரை இன்னும் மீதெவிட்டியே (கரையக்கூடிய அளவைவிட அதிக உப்புடன்) இருக்கிறது, படிகம் தொடங்க விதை மட்டும் இல்லை. சோதித்துப் பாருங்கள்: பையை ஓரத்தில் திறந்து, கடையில் வாங்கிய டெக்கா படிகத்தின் ஒரு துணுக்கைப் போடுங்கள். தெளிவான படிகங்கள் தொட்ட இடத்திலிருந்து பீங்கான்போல் வெண்மையாகிக்கொண்டே போகும், வெப்பநிலை மேலே ஏறும்.

பதில் 2

வெண்காரம் செத்தது 80 டிகிரியில். சுமார் 60-க்கு மேல் அது ஐந்து நீர் வடிவத்துக்கு மாறிவிடும், சூடு ஏறினால் கரைந்தும் போகும். விதையாக வேலை செய்வது பத்து நீர் வெண்காரத் துகள்தான். அதன் படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டத்தின் பக்க நீளங்கள் கிளாபர் உப்பின் பக்க நீளங்களுக்கு சுமார் 5 சதவீதத்துக்குள் ஒத்துவருகின்றன, படிகம் அதன்மேல் எளிதாகத் தொற்றிக்கொள்ளும். மேலும், நாட்டு மருந்துக் கடையில் பொரித்த வெண்காரம் வாங்கியிருந்தால் அதில் நீர் ஏற்கெனவே போயிருக்கும். பொரிக்காத கட்டியை வாங்கி, மாவாக இடித்து, கலவை 40 டிகிரிக்கு வந்தபின் கடைசியாகப் போடுங்கள். 100 கிராம் கலவைக்கு 3 முதல் 4 கிராம். அதன்பின் உருகி உறையும் எந்தச் சுழற்சியிலும் 45-ஐத் தாண்டவிட வேண்டாம்.

பதில் 3

அடிப்படிவு தனிப் பிரச்சினை, அதை விட்டுவிட்டால் பொதி சில சுழற்சிகளில் சோர்ந்துவிடும். இந்த உப்பு உருகும்போது முழுதாகக் கரையாது: 100 கிராம் கிளாபர் உப்பில் உள்ள 56 கிராம் நீர் 32.4-ல், கூட இருக்கும் 44 கிராம் சல்பேட்டில் சுமார் 28 கிராமைத்தான் பிடிக்கும், மீதி 16 கிராம் நீரற்ற தூளாக அடியில் உட்காரும். குளிரும்போது அடியில் உப்பு, மேலே நீர், இரண்டும் சந்திப்பதே இல்லை. மாசசூசெட்ஸின் டோவர் நகரில் 1948-ல் இதே உப்பைக் கொண்டு கட்டிய சூரிய வீட்டிலும் சில குளிர்காலங்களிலேயே இந்தத் தொல்லைதான் வந்தது.

அதனால் கெட்டியாக்க வேண்டும். 2 முதல் 3 கிராம் சிஎம்சியை (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் என்ற கெட்டியாக்கும் தூள்) உலர் சல்பேட்டுடன் முதலில் நன்றாகக் கலந்து, பிறகு 45 டிகிரி நீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். நேராக நீரில் போட்டால் மீன்கண்போல் கட்டிகட்டியாகிவிடும். பையை 1 சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாக்காமல் படுக்கையாக வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

துணுக்கைப் போட்டேன். வெண்மை பரவியது, 31-க்கு ஏறியது. வெண்காரம் பொரித்ததுதான். விதையை எப்போதும் உயிரோடு வைக்க வேறு வழி உண்டா?

பதில் 2

உண்டு. பையின் ஒரு மூலையை வெப்பத்திலிருந்து விலக்கி 30 டிகிரிக்குக் கீழே வையுங்கள். அங்கே உருகாமல் மிஞ்சும் டெக்காவே அடுத்த சுழற்சிக்கு விதை. இரண்டு விரல் அகலம் போதும், அந்த அளவு உப்பு வெப்பம் சேமிக்காது என்பதை மட்டும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.