தோட்டத்துப் பெண்களும் இளையோரும் நகராண்மைக் கழக பட்ஜெட்டில் இடம்பெற எங்கே தொடங்குவது?

மலர்_பெஸ்தாரி

வணக்கம். மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சின்ன டவுன் எங்களுடையது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) 60 குடும்பம், பக்கத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதி) 200 வீடு. குடியிருப்பாளர் கூட்டம் என்றால் முன்வரிசையில் ஆண்கள் பேசுவார்கள். பெண்கள் பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பார்கள். இளசுகள் டேவான் (பொது மண்டபம்) வாசலில் மோட்டாரை விட்டு இறங்கவே மாட்டார்கள். ஆனால் விடியற்காலை 5.30-க்கு இருட்டில் நடந்து பேக்டரி பஸ் பிடிப்பது பெண்கள்தான். அடுத்த வருட பட்ஜெட்டில் தெருவிளக்கும் பஸ் நிறுத்தமும் சேர வேண்டும். ஒரு பெண்ணைக் கவுன்சிலராக நியமிக்கச் சொல்லிக் கேட்பதா, வேறு வழி உண்டா?

கோப்புக்கட்டு

தங்கச்சி, பதவியை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் இருட்டில் நடக்கும் பாதை யாருடைய நிலம் என்று முதலில் கண்டுபிடியுங்கள். நல்ல மனுக்கள் தவறான மேசைக்குப் போய் முடங்குவது இதனால்தான்.

லயமும் தோட்டத்துக்குள் இருக்கும் மண் சாலையும் தனியார் சொத்து. அங்கே விளக்கு, தண்ணீர், லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) எல்லாம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. வீட்டு வசதி பற்றிய 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம் அதற்கு இருக்கிறது. அந்தப் புகார் தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும், நகராண்மைக் கழகத்துக்கு அல்ல. பெரிய சாலை என்றால் ஓரத்துக் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் 'பி' எழுத்து இருந்தால் சிலாங்கூர் மாநிலச் சாலை, வெறும் எண் என்றால் கூட்டரசுச் சாலை. இரண்டுக்கும் ஜே.கே.ஆர். எனப்படும் பொதுப்பணி இலாகாவைத்தான் முதலில் கேட்க வேண்டும். தாமான் சாலைகள் பொதுவாக நகராண்மைக் கழகத்துடையவை. ஆனால் மேம்பாட்டாளர் இன்னும் ஒப்படைக்காமல் வைத்திருந்தால் அதுவும் இல்லை.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நடங்கள். ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு சின்ன தகட்டில் எண் இருக்கும், அதை எழுதிக்கொள்ளுங்கள். 'எங்கள் பகுதி இருட்டாக இருக்கிறது' என்ற வரியை வைத்து எந்த அதிகாரியும் செலவு மதிப்பிட முடியாது. 'இந்த எண் முதல் அந்த எண் வரை 7 கம்பம், 3-இல் விளக்கே பொருத்தவில்லை, காலை 5.15-லிருந்து 6 மணிக்குள் 38 பேர் நடக்கிறார்கள், அதில் 31 பெண்கள்' என்ற மாதிரி எழுதினால் முடியும். மூன்று வேலை நாள் எண்ணினால் போதும். வாசலில் மோட்டாரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். உள்ளே வந்து உட்காரச் சொல்வதைவிட இதற்குச் சீக்கிரம் வருவார்கள்.

நேரம் முக்கியம். புது வருடம் பிறப்பதற்குள் வரவு செலவுத் திட்டத்தைக் கழகம் ஏற்றாக வேண்டும். இலாகாக்கள் பட்டியல் போடுவது வருட நடுவில். அதனால் கடிதம் ஏப்ரல், மே மாதத்தில் கழக அலுவலக முகப்பில் சேர வேண்டும். இன்னொரு நகல் எடுத்துப்போய் அதில் 'பெற்றுக்கொண்டோம்' என்று சாப் (முத்திரை) அடித்து வாங்குங்கள். தீபாவளி சமயத்தில் கொடுக்கும் மனு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும்.

பவளக்கொடி

எண்ணுவது சரி. எதை எண்ணுவது என்று முடிவு செய்வதும் பெண்களாக இருக்க வேண்டும், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2012-இல் பினாங்கில் மகளிர் மேம்பாட்டுக் கழகமும் இரண்டு நகராண்மைக் கழகங்களும் சேர்ந்து மக்கள் வீடமைப்புப் பகுதிகளில் ஒரு முறையைத் தொடங்கின. முதலில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு, அடுத்து பெண்கள், ஆண்கள், இளையோர், முதியோர் என்று தனித்தனிக் குழுப் பேச்சு, பிறகு விளையாட்டுப் பணத்தால் வாக்கு, கடைசியில் வேலையைச் செய்து கண்காணிப்பது. இதை டவுனில் சின்ன அளவில் செய்யலாம்.

ஆளுக்கு 5 புளியங்கொட்டை. தெருவிளக்கு, பஸ் நிறுத்தம், லோங்காங், ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்), விளையாட்டுத் திடல் என்று படம் ஒட்டிய மைலோ டின்கள். ஐந்தையும் ஒரே டின்னில் போடலாம், பிரித்தும் போடலாம். மூடியில் துளை போட்டு டின்களைத் தட்டிக்குப் பின்னால் வையுங்கள். திறந்த மேசையில் வைத்தால் மாமியார் எதில் போட்டாரோ அதிலேயே மருமகளும் போடுவாள். பெண்கள், ஆண்கள், 25 வயதுக்குள் உள்ளவர்கள் என மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் தனி எண்ணிக்கை. மொத்தமாகக் கொட்டி எண்ணினால் திடல் ஜெயித்துவிடும், விளக்கு காணாமல் போய்விடும்.

காலையில் கூட்டம் வேண்டாம், பெரட்டும் (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) பேக்டரி ஷிப்டும் இடிக்கும். இரவு 8.30-க்கு வைத்தால் சமையலை விட்டு வர முடியாது. ஞாயிறு மாலை 4 மணிதான் ஓரளவு ஒத்துவரும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அதே டேவானில் பாய் விரித்து இரண்டு பேரை உட்கார வையுங்கள். தேத்தண்ணி ஊற்றுவது அன்றைக்கு ஆண்கள் பொறுப்பு என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள்.

அதிகாரி வந்தால் பேச்சு மலாய்க்குப் போய்விடும், அம்மாக்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அவர்கள் தமிழில் பேசட்டும். இடைநிலைப்பள்ளி முடித்த பிள்ளை ஒருவர் மலாயில் சொல்லட்டும். மூன்று நிமிடம் பேசியதை ஒரே வரியில் சுருக்கக்கூடாது என்று அந்தப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மலர்_பெஸ்தாரி

நன்றிக்கா. பெண்களுக்குத் தனிக்கூட்டம் என்றால் 'ஊரை ஏன் பிரிக்கிறீங்க' என்று கோவில் கமிட்டியில் கேட்பார்கள். அப்புறம், 18 வயசுக்கு ஓட்டு வந்துவிட்டதே, இதில் அந்தப் பிள்ளைகளுக்கு உரிமை கிடையாதா?

செம்மண்சாலை

பிரிக்கவில்லை, மூன்று சுற்றின் முடிவையும் ஒரே கூட்டத்தில் வாசிக்கப் போகிறோம் என்று கமிட்டியிடம் சொல்லுங்கள். வாசிப்பவர் தலைவராகவே இருக்கட்டும்.

ஓட்டு விஷயம்: 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதில் வாக்குரிமை உண்டு, ஆனால் அது நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும். நகராண்மைக் கழக உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம் தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. 1976-ஆம் ஆண்டின் 171-ஆவது சட்டமான ஊராட்சிச் சட்டம் அந்தத் தேர்தலை அடியோடு எடுத்துவிட்டது. நம்மவர் ஒருவர் எழுதிக் கொடுத்த பரிந்துரை அலமாரியில் கிடப்பது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

இப்போது கழகத் தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது, ஒரு தவணை 3 ஆண்டுக்கு மேல் போகாது. பெண்ணுக்கோ இளையோருக்கோ சட்டத்தில் இட ஒதுக்கீடு இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவு, தன் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கக் கூடியவரையும் நியமிக்கலாம் என்கிறது. ஒரு பெண்ணின் பெயரை அந்த அடிப்படையில், தவணை முடிவதற்கு ஆறு மாதம் முன்பே சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். மேலே சொன்ன கணக்கும் வாக்கு முடிவும் அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தோடு இணைப்பாக இருக்கட்டும். அதற்குக் காத்திருக்கும்போது ஜே.கே.பி. எனப்படும் வட்டாரக் குடியிருப்பாளர் குழுவில் இரண்டு இளையோரைச் சேர்க்கப் பாருங்கள். அது கவுன்சிலர் பதவியைவிட எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இன்னொன்று, தோட்டம் வீடமைப்புக்கு மாறும் ஊர்களில் எந்த நிலத்தில் என்ன வரும் என்று காட்டும் வட்டாரத் திட்ட வரைவைக் கண்டிப்பாகப் பாருங்கள். நகர, கிராமத் திட்டமிடல் பற்றிய 172-ஆவது சட்டப்படி குறைந்தது 4 வாரம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்கலாம், அதற்கு ஓட்டு வயது தேவையில்லை.

171-ஆவது சட்டத்தின் 23-ஆவது பிரிவையும் படியுங்கள். கழகம் வேறு மாதிரி தீர்மானித்தால் ஒழிய, அதன் முழுக்கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. உட்குழுக் கூட்டங்கள் அப்படி இல்லை. மாதம் ஒரு கூட்டமாவது நடக்கும். செயலாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டுத் தேதியும் நேரமும் கேளுங்கள். முதல் தடவை இரண்டு அக்காமாரும் இரண்டு பிள்ளைகளும் போதும். அங்கே பேச அனுமதி இருக்காது. சாப் அடித்த கடிதத்தின் நகலோடு உட்கார்ந்து, உங்கள் சாலையின் பெயர் வருகிறதா என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.