புத்தகத்தை மூடினாலும் 'வாசிக்கிறார்கள்', தனிச்சொல் எழுதிக் காட்டினால் தெரியவில்லை. தரம் 2 பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?

குளக்கட்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய்ப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் தரம் 1, தரம் 2 இரண்டையும் ஒரே வகுப்பறையில் வைத்துப் படிப்பிக்கிறேன். மொத்தம் 19 பிள்ளைகள், அதில் 11 பேர் தரம் 2. நியமனம் கிடைத்து வந்து இது இரண்டாவது வருடம்.

தமிழ்ப் புத்தகத்தை விரித்தால் தரம் 2 பிள்ளைகள் கடகடவென்று வாசிப்பார்கள். நானும் சந்தோசப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். போன கிழமை ஒரு பெடியன் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல் மூன்றாவது வரியில் நிற்கிறது, வாய் ஐந்தாவது வரியைச் சொல்கிறது. புத்தகத்தை மூடச் சொன்னேன், மூடிவிட்டும் அப்படியே சொல்லிக்கொண்டு போனான். பிறகு அதே பக்கத்துச் சொற்களைக் கரும்பலகையில் முன்பின்னாக மாற்றி எழுதி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆறு பேருக்கு ஒரு சொல்லும் வரவில்லை. எழுத்தைத் தொட்டுக் காட்டினால் 'பானா, டானா, இம்' என்று பிழையில்லாமல் சொல்கிறார்கள், சேர்த்துச் சொல்லுங்கோ என்றால் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

போன வருடமும் இவர்கள் என்னிடம்தான் இருந்தார்கள். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரையே வரவில்லை. எங்கே விட்டேன், எங்கேயிருந்து திரும்பத் தொடங்குவது? தரம் 3க்குப் போவதற்கு முன்னம் ஏதாவது செய்தாக வேண்டும். இரண்டு வகுப்பையும் ஒன்றாகப் பார்க்கிற எனக்குச் செய்யக்கூடியதாகச் சொல்லுங்கள்.

முள்ளியவளை ரீச்சர் எழுதியது:

தங்கச்சி, அந்த ஆறு பேரையும் மந்தமான பிள்ளைகள் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். ஒரு பக்கத்தை முழுதாகப் பாடமாக்கி வைத்திருக்கிற பிள்ளைக்கு மூளையில் என்ன குறை? எல்லாரையும் சேர்த்துச் சத்தமாக வாசிப்பிக்கும்போது முன்வாங்கில் இருக்கிற இரண்டு மூன்று பேர்தான் உண்மையில் வாசிப்பார்கள், மற்றவர்கள் காதால் பிடித்துக்கொண்டு கூடவே இழுபடுவார்கள். நாங்கள் கேட்டது சத்தம், அவர்கள் சத்தத்தைத் தந்தார்கள். 22 வருடமாக ஆரம்பப் பிரிவில் இருக்கிறேன், எனக்கும் இது நடந்தது.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. 'பானா' என்பது எழுத்தின் பெயர். பானா, டானா, இம் மூன்றையும் சேர்த்தால் 'பானாடானாஇம்' என்றுதான் வரும், 'படம்' எப்படி வரும்? அதனால் இந்த ஆறு பேரோடும் கொஞ்ச நாளைக்குப் பெயரை விட்டுவிட்டு ஒலியை மட்டும் சொல்லுங்கள். ப. ட. இரண்டையும் இடைவெளி விடாமல், 'பட'. இதுவரைக்கும் எந்தப் பிள்ளையும் வந்துவிடும்.

தடக்குவது குற்று, அதாவது புள்ளி, போட்ட எழுத்தில். 'இம்' என்று பழகின பிள்ளை 'படஇம்' என்று வாசித்துவிட்டு, அப்படி ஒரு சொல் தனக்குத் தெரியாதே என்று நின்றுவிடும். நான் செய்வது, 'பட' என்று சொல்லிவிட்டு வாயை மூடச் சொல்வது. அவ்வளவுதான். உதடு மூடினால் ம் தானாக வந்துவிடும், 'படம்' என்று பிள்ளையின் காதில் விழும், அந்த நேரம் அதன் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். ல் என்றால் நாக்கு நுனியை மேலே ஒட்டவைப்பது. ம், ல், ன் இவையெல்லாம் இழுத்துச் சொல்லக்கூடியவை, அதனால் முதலில் இவற்றில் முடிகிற சொற்களைக் கொடுங்கள். ட், க், ப் எல்லாம் இழுக்க ஏலாது, மூச்சை ஒரு கணம் நிறுத்தத்தான் வேண்டும். 'படம்' சொல்லி, 'பட்' என்று நிறுத்திப் பிறகு 'டம்'. படம், பட்டம். இதைக் கை தட்டிச் செய்தால் தரம் 1 பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள், உங்களுக்கு இரண்டு வகுப்பும் ஒன்றாக ஓடும்.

தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பயப்படுத்தத் தேவையில்லை. 12 உயிரும் 18 மெய்யும், மிச்சத்தில் பெரும்பாலானவை அரவு (ா), விசிறி (ி), கொம்பு (ெ) என்று ஒட்டிக்கொண்டு வருபவை. ட, ப, ம மூன்றும் வந்தவுடனேயே சொல் வாசிக்க விடுங்கள். படம், மடம், பட்டம், மட்டம். பிறகு அரவைப் போட்டால் பாடம், மாடம். எல்லா எழுத்தும் முடியட்டும் என்று காத்திருந்தால் பிள்ளை வாசிப்பு என்றால் என்னவென்று தெரியாமலே ஒரு வருடம் போய்விடும்.

கொம்பு வருகிற எழுத்துகளைக் கவனமாகச் செய்யுங்கள். இடமிருந்து வலமாக வாசி என்று நாங்களே சொல்லிக்கொடுத்துவிட்டு, கெ, கே, கை எழுதும்போது குறியை முன்னால் போடுகிறோம். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது க். கொ, கோ இன்னும் கஷ்டம், ஒரு ஒலி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. இவற்றைப் பிரித்து விளங்கப்படுத்தப் போகாமல், 'கொ' முழுவதையும் ஒரே மட்டையில் ஒரே நிறத்தில் எழுதி, விரலை முழு மட்டையின் கீழும் ஓட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு நிமிடமாவது தனியாக வாசிக்கக் கேளுங்கள். ஆறு பேருக்கும் 12 நிமிடம்தான் போகும். மற்றப் பிள்ளைகளுக்கு அந்த நேரம் மணலிலோ மட்டையிலோ ஏதாவது வேலை கொடுத்துவிடலாம்.

நெடுங்கேணி ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

முள்ளியவளை ரீச்சர் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் எழுத்தின் பெயரை அடியோடு விட வேண்டாம். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது அரிசியில் விரலைப் பிடித்து எழுதுவித்து, 'ஆனா, ஆவன்னா' என்று அம்மப்பா சொல்லிக்கொடுத்ததோடுதான் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. அதைப் பிழை என்று சொன்னால் வீட்டையே பிழை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். 'இதன்ட பேர் பானா, இது சொல்லுறது ப' என்று சொல்லுங்கள். மாட்டுக்கும் ஒரு பேர் இருக்கிறது, அது கத்துகிற சத்தம் ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு இது உடனே விளங்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. எந்தச் சொல்லைக் கொடுப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. தமிழில் ஒரே க பல மாதிரி ஒலிக்கும். கல், மகள், தங்கம், பக்கம், நாலையும் சொல்லிப் பாருங்கள். ப, ச, ட, த எல்லாவற்றுக்கும் இந்தக் கதை உண்டு. இதற்கு ஒரு விதி சொல்லிக்கொடுக்க ஆறு வயதில் முடியாது, தேவையும் இல்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லாக இருந்தால் வாய் தானாகத் திருத்திக்கொள்ளும், கேள்விப்படாத சொல்லென்றால் எழுத்தெல்லாம் சரியாகத் தெரிந்தும் மாட்டுப்படும்.

அதனால் நான் ஊர்ப்பெயர்களை வைத்துப் படிப்பித்தேன். உங்களுக்கு மாங்குளம், வவுனிக்குளம், பாண்டியன்குளம் எல்லாம் பக்கத்தில்தானே. 'குளம்' என்ற ஒரு சொல்லை வடிவாக வாசிக்கப் பழக்கிவிட்டால் இத்தனை ஊருக்கும் பாதித் தூரம் பிள்ளை போய்விட்டது. மாங்குளத்தில் கு மெலிகிறது, வவுனிக்குளத்தில் அழுத்தமாக வருகிறது, நீங்கள் ஒன்றும் சொல்லாமலே பிள்ளை இரண்டையும் சரியாகச் சொல்லும், ஏனென்றால் அது பிறந்ததிலிருந்து கேட்ட பெயர்.

குறில் நெடிலுக்கு, இரணைமடு, விசுவமடு, கற்சிலைமடு. 'மடு' என்று எழுதி ஒரு அரவைப் போடுங்கள், மாடு. இரணைமாடு என்று வாசித்தால் வகுப்பே சிரிக்கும், அந்த ஒரு கோடு என்ன செய்கிறது என்று பிறகு ஒருவரும் மறக்க மாட்டார்கள். கொம்புக்கு எங்கள் நெடுங்கேணியே போதும், நெ என்று குறிலும் கே என்று நெடிலும் ஒரே பெயரில் இருக்கின்றன. கிளிநொச்சியில் நொ இருக்கிறது. ஒட்டுசுட்டானில் டு, சு இரண்டிலும் ஒரே உகரம்தான், வால் மட்டும் வேறு வேறு மாதிரி. உகர ஊகார எழுத்துகளுக்குக் குறுக்கு வழி கிடையாது, கு, சு, டு, மு, ரு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பழக்கத்தான் வேண்டும், அவசரப்படாதீர்கள்.

புத்தகத் தமிழும் பிள்ளைக்குப் புதுசு. 'யானை வந்துவிட்டது' என்று புத்தகத்தில் இருக்கும், எங்கள் பிள்ளை 'யானை வந்திட்டுது' என்றுதான் வீட்டில் கேட்டிருக்கும். காலபோகத்தில், மாரி நெல் நிற்கிற நேரம், இராத்திரி வயலுக்குள் யானை இறங்கிய கதையைப் பிள்ளையைச் சொல்லவிட்டு, அது சொன்ன மாதிரியே ஒரு வசனம் பலகையில் எழுதுங்கள். தன் வாயில் வந்த வசனத்தை எந்தப் பிள்ளையும் ஆசையோடு வாசிக்கும். அதற்குக் கீழே புத்தக மாதிரி அதே வசனம். இரண்டையும் ஒப்பிட்டு வாசிக்கட்டும்.

ஒரு அம்மா எழுதியது:

ரீச்சர், நான் படிப்பிக்கிற ஆள் இல்லை, தரம் 2 படிக்கிற பிள்ளையின் அம்மா. எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லலாம் என்று எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும், இதைத் தங்கச்சிதான் எழுதித் தருகிறாள்.

2008இல் நான் நாலாம் வகுப்பு. அந்த வருடம் இடம்பெயர வெளிக்கிட்டது, பிறகு ஊர் ஊராக ஓடி 2009இல் செட்டிகுளத்தில் முகாம். தறப்பாளுக்குள் இருந்து கொஞ்ச நாள் படித்தோம், திரும்பி வந்த பிறகு என்னால் தொடர முடியவில்லை. எழுத்துத் தெரியும், ஆனால் ஒரு பக்கம் வாசிக்க எனக்கு நேரம் எடுக்கும், வெட்கமாகவும் இருக்கும்.

மகளின் கொப்பியில் 'வீட்டில் வாசிப்பிக்கவும்' என்று சிவப்பில் எழுதி வரும். ஒவ்வொரு நாளும் வரும். எனக்கு அது அடி விழுகிற மாதிரி இருக்கும், அதனாலேயே பெற்றோர் கூட்டத்துக்குப் போகாமல் விட்டேன். பிள்ளையில் அக்கறை இல்லை என்று நினைத்தார்கள். போன வருடம் வந்த ரீச்சர் அப்படி எழுதவில்லை. நாலு சொல்லை ஒரு துண்டில் எழுதி, அதைத் தானே வாசித்து வட்சப்பில் குரல் போட்டு அனுப்புவார். நானும் மகளும் இருந்து கேட்டுக் கேட்டுச் சொல்லைத் தொட்டுப் பார்ப்போம். இப்போது அவள் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள், நானும் முன்னையைவிட வடிவாக வாசிக்கிறேன்.

உங்கட ஆறு பிள்ளைகளில் எத்தனை பேரின் அம்மா அப்பா என்னை மாதிரி இருப்பார்கள் என்று ஒருக்கால் பாருங்கள். எங்கட வயதுக்காரர் இங்கே நிறையப் பேர் இப்படி இருக்கிறார்கள், வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

மல்லாவி எழுதியது:

சுருக்கமாக ஒன்று. கண்ணையும் காதையும் பாருங்கள். என் மகன் ல, ள மாறி வாசிக்கிறான் என்று ஒரு வருடம் ஏசிக்கொண்டிருந்தோம், கடைசியில் அவனுக்குப் பலகை மங்கலாகத் தெரிந்திருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகுதான் முன்னேறினான். சுகாதாரப் பரிசோதனைக்கு ஆட்கள் வரும்போது இந்த ஆறு பேரின் பெயரையும் தனியாகச் சொல்லுங்கள், அதுவரை முன்வாங்கில் இருத்துங்கள்.

குளக்கட்டு எழுதியது:

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன், எல்லாருக்கும் நன்றி.

'வாயை மூடு' முறை முதல் நாளே வேலை செய்தது. அந்தப் பெடியன் 'படம்' என்று வாசித்துவிட்டு, இதுதானா வாசிக்கிறது என்று என்னையே கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு பேரில் நாலு பேர் இப்போது அரவு, விசிறி வரைக்கும் புதுச் சொல் கொடுத்தாலும் கூட்டி வாசிக்கிறார்கள். ஒரு பிள்ளை மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. ஆறாவது பிள்ளை பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறது, இதை நான் இவ்வளவு நாளும் கவனிக்கவில்லை. தாயைச் சந்தித்துக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.

அந்த அம்மா எழுதியதை வாசித்த பிறகு கொப்பியில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். விசாரித்துப் பார்த்தால் ஆறில் நாலு வீட்டில் அதே நிலைமை. போன் உள்ள வீடுகளுக்குக் குரல் அனுப்புகிறேன், இரண்டு வீட்டில் அந்த மாதிரிப் போன் இல்லை, அந்தப் பிள்ளைகளோடு காலையில் கொஞ்சம் முந்தி வந்து இருக்கிறேன்.

யானைக் கதையைச் சொல்லச் சொன்னேன், 19 பேரும் ஒன்றாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 'அப்பா வெடி கொளுத்திப் போட்டவர், யானை போகேல்லை' என்று எழுதினேன், அதைத் தரம் 1 பிள்ளைகளும் வந்து தொட்டுத் தொட்டு வாசித்தார்கள்.

ஒரு சந்தேகம். ஒரு பிள்ளை கிளிநொச்சியை 'கிளிநெச்சி' என்கிறது. அரவை விட்டுவிடுகிறது. மட்டையில் எழுதியும் அப்படித்தான்.

முள்ளியவளை ரீச்சர் எழுதியது:

நெ, நொ இரண்டையும் இரண்டு மட்டையில் பக்கத்தில் வைத்து, நெல், நொடி என்று எழுதிக் கொடுங்கள். நெல்லுக்கு வாய் அகலும், நொடிக்கு உதடு குவியும், கண்ணாடியில் தன் வாயைப் பார்க்க விடுங்கள். பிறகு 'நொ' மட்டையில் கடைசி அரவைக் கையால் மறைத்து வாசிக்கச் சொல்லுங்கள், கையை எடுத்துத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். நாலைந்து தரம் செய்தால் கண் வலது பக்கம் வரைக்கும் போய்ப் பார்க்கப் பழகிவிடும். இரண்டு கிழமையில் வராவிட்டால் திரும்ப எழுதுங்கள்.

குளக்கட்டு எழுதியது:

சரி ரீச்சர், நாளைக்கே செய்கிறேன். வீதியில் இருக்கிற ஊர்ப்பெயர்ப் பலகை வரைக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக அதிபரிடம் கேட்டேன், வெள்ளிக்கிழமை போகச் சொல்லிவிட்டார். மூன்று மொழியில் எழுதியிருக்கும், தமிழ் வரி எது என்று அவர்களே கண்டுபிடித்து வாசிக்கட்டும்.