டயர் மாற்றிப் பூட்டிய பிறகு முன் சில்லு சுற்றவில்லை, என்ன பிழை?

வெள்ளவத்தை_125:

பைக் டிஸ்கவர் 125, முன்னுக்கு டிஸ்க் பிரேக். முன் டயர் வழுவழு என்று தேய்ந்து, மழைக்குள் கொழும்பு காலி வீதியில் ஓடவே பயமாகிவிட்டது. சனிக்கிழமை சில்லை நானே கழற்றி ஆட்டோவில் கொண்டுபோய், 2.75-17 அளவில் புது டயரும் டியூபும் போட்டுக்கொண்டு வந்தேன். கழற்றும்போது ஒரு சிக்கலும் இல்லை, திரும்பப் பூட்டுவதற்குள்தான் இவ்வளவும்.

சில்லு கடையில் இருந்த நேரம் தம்பி பைக்கில் ஏறியிருந்து முன் பிரேக்கை நாலைந்து தரம் அமத்தியிருக்கிறான். வந்து பார்த்தால் இரண்டு பேடும் (டிஸ்க்கை இருபக்கமும் பிடிக்கும் பிரேக் கட்டைகள்) ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, டிஸ்க் உள்ளே போகவே இல்லை. ஸ்க்ரூ டிரைவரை விட்டு விரித்து ஒருமாதிரி உள்ளே தள்ளினேன். அதற்குப் பிறகு அச்சு நட்டை இறுக்கினால் சில்லு அரைச்சுற்றோடு நின்றுவிடுகிறது, நட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் சுற்றுகிறது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா? திங்கள் காலை மருதானைக்கு வேலைக்குப் போகவேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_ஸ்பனர்:

தம்பி, நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. அச்சு நட்டைத் தளர்த்தினால் சில்லு சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் பிரேக்கில் பிழை இல்லை. பேட் பிடித்துக்கொண்டிருந்தால் நட் இறுக்கமோ தளர்வோ ஒரே மாதிரித்தான் உரசும். நிச்சயப்படுத்த வேண்டுமென்றால் கலிப்பரின் (பேடுகள் இருக்கும் பிரேக் பகுதி) இரண்டு போல்ட்டையும் கழற்றி, அதை ஒரு கம்பியில் கட்டித் தூக்கி வையுங்கள் (ஹோஸில் தொங்க விடவேண்டாம், ஹோஸ் உள்ளே பழுதாகிவிடும்), பிறகு நட்டை இறுக்கிச் சில்லைச் சுற்றிப் பாருங்கள். அப்போதும் நின்றால் அச்சில் கோர்த்த ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை.

என் சந்தேகம் வேக மீட்டர் கேபிள் வந்து சேரும் அந்த வட்டப் பெட்டியில். உள்ளே இருக்கும் வளையத்தின் இரண்டு காதும் சில்லின் நடுவில் உள்ள வெட்டுக்குள் விழவேண்டும். விழாமல் மேலே ஏறி நின்றால் நட்டை இறுக்க இறுக்கப் பெட்டி நசிந்து சில்லைப் பிடிக்கும், மீட்டர் முள்ளும் அசையாது. நட்டை இறுக்குவதற்கு முன்பே பெட்டியைக் கையால் அமத்திக்கொண்டு சில்லை மெதுவாகச் சுற்றுங்கள், ‘டக்’ என்று உள்ளே இறங்குவது கைக்குத் தெரியும். பெட்டியின் வெளிப்பக்க மேடும் போர்க் (முன் சில்லைத் தாங்கும் இரட்டைக் கால்) காலில் இருக்கும் தடுப்பில் போய் முட்டவேண்டும், இல்லாவிட்டால் பெட்டியே சில்லோடு சேர்ந்து சுழன்று கேபிளை முறுக்கிவிடும்.

ஏற்கெனவே பலமாக இறுக்கியிருந்தால் கழற்றி அந்தக் காதுகள் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். மற்றப் பக்கத்து ஸ்பேசரும் (அச்சில் இடைவெளிக்குக் கோர்க்கும் சின்னக் குழாய்) இருக்கிறதா? டயர் கடையில் சில்லைப் புரட்டும்போது அது விழுந்து உருண்டு போவதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். டயரின் பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுழலும் பக்கம் பார்க்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள், பூட்டி முடித்துவிட்டுக் கண்டால் எல்லாம் திரும்ப முதலில் இருந்து.

மெரின்_டிரைவ்_அண்ணா:

சில்லு விஷயத்தை மேலே அண்ணர் வடிவாகச் சொல்லிவிட்டார். நான் பிரேக்கைப் பற்றிச் சொல்கிறேன், தயவுசெய்து இதை விட்டுவிட வேண்டாம்.

பேடை விரித்தபோது கலிப்பருக்குள் இருந்து பேடைத் தள்ளும் பிஸ்டனும் பின்னுக்குப் போயிருக்கும். அது திரும்ப வந்து டிஸ்க்கைத் தொடும்வரை லிவரை அமத்தினால் ஒன்றும் பிடிக்காது, கைப்பிடி வரைக்கும் சும்மா போகும். எனக்கு இது நடந்தது. பூட்டி முடித்த சந்தோஷத்தில் அப்படியே எடுத்து, ஒழுங்கையில் இருந்து மெரின் டிரைவ் பக்கம் திரும்பும் இடத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன், வெறும் லிவர். பின் பிரேக்கும் குறைந்த வேகமும் இருந்ததால் தப்பினேன். பைக்கை ஸ்டாண்டில் வைத்தபடியே லிவரைப் பத்துப் பதினைந்து தரம் அமத்துங்கள், கல்லு மாதிரி நிற்கவேண்டும். பஞ்சு மாதிரி இருந்தால் காற்று உள்ளே போயிருக்கலாம், பிளீட் செய்யாமல் (அந்தக் காற்றை வெளியேற்றாமல்) வீதியில் இறக்கவே வேண்டாம்.

பிஸ்டன் பின்னால் போகும்போது மேலே ரிசர்வாயரில் (பிரேக் ஓயில் இருக்கும் சின்னக் கிண்ணம்) ஓயில் உயரும், நிரம்பி டாங்கில் ஊற்றினால் பெயின்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குறைந்திருந்தால் மூடியில் போட்டிருக்கும் வகையையே ஊற்றுங்கள். திறந்து மாதக்கணக்கில் கிடந்த போத்தல் வேண்டாம், அந்த ஓயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை பிரேக் ஓயில் புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் 230 பாகைக்கும் குறையாமல் தாங்கும், ஈரம் ஏறிய பிறகு 155 தான் உத்தரவாதம். கொழும்பு ஈரக் காற்றில் இது சின்ன விஷயம் இல்லை.

பஞ்சிகாவத்தை_பொடியன்:

ஸ்க்ரூ டிரைவரால் விரித்தேன் என்கிறீர்களே, பேடின் முகத்தில் வெட்டோ உடைவோ இருக்கிறதா, டிஸ்க்கில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த முறை மெல்லிய மரத்துண்டைப் பாவியுங்கள். சில்லைக் கழற்றினதும் பேடுகளுக்கு நடுவே தடித்த மட்டையை மடித்துச் செருகிவிட்டால் யார் அமத்தினாலும் கவலை இல்லை.

கிறீஸ் பிடித்த கையால் டிஸ்க்கைத் தொட்டிருப்பீர்கள், பிரேக் கிளீனரால் துடைத்து உலரவிடுங்கள். வெள்ளவத்தை கடற்காற்றுக்குக் கலிப்பர் வழுகும் பின்கள் துரு ஏறி இறுகிவிடும், அப்படி இருந்தால் ஒரு பேட் மட்டும் தேயும். பின்னை இழுத்துத் துடைத்து, ரப்பருக்குச் சேதம் செய்யாத சிலிக்கோன் கிறீஸ் கொஞ்சம் பூசினால் போதும்.

வெள்ளவத்தை_125:

அண்ணாமாருக்கு மிகவும் நன்றி. கலிப்பரைக் கழற்றி வைத்துச் சுற்றினேன், அப்போதும் நின்றது. மீட்டர் பெட்டிதான்! ஒரு காது வெட்டுக்கு வெளியே நின்றிருக்கிறது, நல்லவேளை வளையவில்லை. சரியாக உட்கார வைத்து நட்டை இறுக்கினேன், சில்லு மூன்று சுற்று தாராளமாகப் போகிறது, பேட் லேசாக ‘ஸ்ஸ்’ என்று உரசும் சத்தம் மட்டும் இருக்கிறது. லிவர் பதினோராவது அமத்தலில் இறுகியது. ஒரு பேடின் ஓரம் உடைந்திருப்பதால் திங்கள் பஸ்ஸில் போகிறேன், வரும்போது புது பேட் சோடி வாங்கி வருவேன். அந்த லேசான உரசல் பரவாயில்லையா?

கொட்டாஞ்சேனை_ஸ்பனர்:

அவ்வளவு உரசல் பரவாயில்லை. ஓடிவிட்டு வந்து டிஸ்க்கில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓடியும் சுரீர் என்று ஆவியானால்தான் பேட் இழுக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, பைக்கை ஸ்டாண்டில் இருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹாண்டிலை நாலைந்து தரம் கீழே அமத்தி விடுங்கள், போர்க் இரண்டும் நேராக வந்து நிற்கும், அதற்குப் பிறகு நட்டை ஒருமுறை பாருங்கள். புது டயர் முதல் 150 கிலோமீற்றர் வழுக்கும், மழையில் சரித்துத் திருப்ப வேண்டாம்.