வசந்தகால ஏரி மீன்பிடி: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

படகுத்துறை (ஸ்காபரோ):

போன ஜூன் முதல் வாரம், ஒன்டாரியோவில் ரைஸ் லேக் ஏரியில் ஆழமில்லாத ஒரு குடா. வால்ஐ மீனுக்குச் சீசன் மே இரண்டாம் சனிக்கிழமையே திறந்துவிட்டது. பாஸ் மீனுக்கு ஜூன் மூன்றாம் சனி வரைக்கும் மூடல், அது இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெளியே களை ஓரத்தில் வால்ஐக்கு ஜிக் (ஈயத்தலை வைத்த தூண்டில் முள்) போட்டுக்கொண்டிருந்தோம். காற்றுக் கூடியதும் குடாவுக்குள் ஒதுங்கினோம். போலரைஸ்டு கண்ணாடியில் அடிமணல் வரைக்கும் தெரிந்தது. கரைப்பக்கம் களை, சேறு எல்லாம் ஒதுக்கி வட்டமாகத் துப்புரவாக்கிய ஒரு இடம், அதன் மேல் ஒரு லார்ஜ்மவுத் பாஸ், ஆண் மீன். முட்டை இருக்கிறது என்று பார்த்த உடனேயே தெரிந்தது, வாலை ஓயாமல் அசைத்து நீரைப் புதுப்பித்துக்கொண்டு நின்றது.

அப்போது இன்னொரு படகு உள்ளே வந்தது. எங்கள் ஆட்கள்தான். ஒரு தகப்பன், ஏழெட்டு வயதில் ஒரு பையன். தகப்பன் ரப்பர் புழு ஒன்றை அந்த வட்டத்துக்குள்ளேயே இறக்கினார். பாஸ் அதைத் தின்னவில்லை. வாயில் கவ்விக் கொண்டுபோய் வெளியே துப்பியது. மறுபடி இறக்கினார், மறுபடி துப்பியது. அடுத்த தரம் தூண்டில் முள் கொளுவிவிட்டது.

"அண்ணை, அது கூட்டில நிக்கிற மீன், சீசனும் இல்லை" என்று கூப்பிட்டுச் சொன்னேன். "விடத்தானே போறன் தம்பி, பொடியனோட ஒரு படம் எடுத்திட்டு" என்றார். கோபமே இல்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். பையனுக்கு மீனைப் பிடிக்கப் பயம், கையை விட்டு நழுவிப் படகுத் தட்டில் விழுந்தது. படம் சரிவரவில்லை என்று திரும்பவும் எடுத்தார்கள்.

நான் கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ் தண்ணீரை விட்டு மேலே போன கொஞ்ச நேரத்திலேயே களைக்குள் இருந்து புளூகில் என்ற சின்ன மீன்கள் வந்தன. முதலில் ஒன்று மட்டும் ஓரத்தில் நின்றது. துரத்த யாருமில்லை என்று கண்டதும் உள்ளே இறங்கித் தலையைக் கீழே குத்தியது. அப்புறம் மிச்சமெல்லாம் ஒன்றாக விழுந்தன. மணல் கலங்கி வட்டமே மறைந்துபோனது. அவர்கள் பாஸை விட்டதும் அது நேரே அங்கேதான் வந்தது. எல்லாவற்றையும் துரத்திவிட்டு, கலங்கல் அடங்க முன்னமே மறுபடி வாலை அசைக்கத் தொடங்கியது. கீழே என்ன மிச்சம் இருந்ததோ.

அந்தப் பையனுக்கு அது முதல் பாஸ். அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் கெடுத்திருக்க முடியாது. ஆனால் அந்த வட்டத்தை அவனுக்கு யாராவது காட்டியிருக்க வேண்டும் என்று இன்னும் தோன்றுகிறது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

கவார்த்தா மகள்:

என்னுடையது மீன் பிடித்த கதை இல்லை. ஏப்ரலில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தா. யாழ்ப்பாணம் குருநகர் ஆள், அப்பப்பா காலத்திலிருந்து கடல்தான் வீட்டுக்குச் சோறு. பொப்கேஜன் ஊர் அணைக்குக் கீழே வால்ஐ முட்டையிட ஏறுவதைக் காட்ட இரவில் கூட்டிப்போனேன். பனிக்கட்டி உருகித் தண்ணீர் 7, 8 பாகைக்கு வந்தால் கல்லும் பரலுமாக ஓட்டம் உள்ள இடத்துக்கு அவை வரும், போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டார்ச்சை அடித்தால் தண்ணீருக்குள் எங்கும் கண்கள். ஒரு பெரிய பெண் மீனை இரண்டு பக்கமும் சின்ன ஆண் மீன்கள் நெருக்கித் தள்ளி, முதுகுகள் மேலே தெரிகிற அளவுக்குக் கொண்டுவந்தன. நீர் சலசலவென்று கலங்கியது, பிறகு எல்லாம் கலைந்து போய்விட்டன.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இவ்வளவு மீன் நிக்குது, ஒருத்தரும் வலை கொண்டு வரேல்லையோ?" என்று கேட்டா. இது சரணாலயம், இந்தக் காலத்தில் தூண்டிலே போடக்கூடாது என்று சொன்னேன். "முட்டைய ஆர் பாக்கிறது?" ஒருவரும் இல்லை அம்மா, கல்லிடுக்கில் போட்டுவிட்டுப் போய்விடும் என்றேன். அதற்கு அவ சொன்னது: "எங்கட பக்கத்தில கண்ணுக்கு முன்னால நிக்கிற மீனை விடச் சொன்னா ஆற்றை வீட்டில அடுப்பெரியும்?"

எனக்குப் பதில் வரவில்லை. இங்கே நாங்கள் கடைப்பிடிக்கிற விதிகளை நான் மனதார நம்புகிறேன். ஆனால் சம்பளம் வேறு இடத்தில் வருவதால்தான் எனக்கு அது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. அம்மா பாலத்திலிருந்து இறங்கும்போது கற்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தா.

மில் லாக்ஸ் மதுரைக்காரன்:

படகுத்துறை அண்ணே, வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த அப்பாவைக் குற்றவாளி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். ஒன்டாரியோவில் மூடிய சீசனில் விடுவதற்காகப் பிடிப்பதும் தப்பு, சரி. பக்கத்திலேயே மிச்சிகனில் 2015 முதல் பாஸை வருடம் முழுக்கப் பிடித்து உடனே விடலாம். மினசோட்டாவில் எங்கள் மில் லாக்ஸ் ஏரியை 2017இல் பாஸ்மாஸ்டர் பத்திரிகை அமெரிக்காவிலேயே முதலாவது பாஸ் ஏரி என்று போட்டது. மே மாதம் இங்கே எத்தனை பேர் ஸ்மால்மவுத் பாஸ் பிடித்து விடுகிறார்கள் என்று வந்து பாருங்கள். ஒரு கூடு போனதால் ஏரி காலியாகிவிடாது.

என்னை உறுத்துவது வேறு. 2016இல் இங்கே வால்ஐ ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது, பிடித்தால் விட வேண்டும் என்று விதி. ஏரியில் வால்ஐ குஞ்சுகள் பெரிதாகிற வரை பிழைக்காமல் குறைந்துகொண்டே வந்த நேரம். சீசன் திறந்த வாரம் நண்பரோடு போனேன். மில் லாக்ஸ் பரந்த ஏரி, 1,32,000 ஏக்கர், ஆனால் எங்கேயும் 42 அடிக்கு மேல் ஆழமில்லை. காற்று எழுந்தால் அலை உடனே உயரும். நண்பருக்கு விழுந்த வால்ஐ முள்ளைத் தொண்டை வரை விழுங்கியிருந்தது. செவுளில் ரத்தம். தூண்டில் நரம்பை அறுத்து முள்ளோடே விட்டோம், அதுதான் முறை. ஒரு நிமிடம் பக்கவாட்டில் நீந்தியது, பிறகு வெள்ளை வயிறு மேலே வந்துவிட்டது. அலையில் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. அதைத் திரும்ப எடுக்கவும் கூடாது, செத்த மீனும் மீன்தானே. நண்பர் இரண்டு தடவை வலையை எடுத்துவிட்டு இரண்டு தடவையும் கீழே வைத்தார்.

இப்படி விட்ட பிறகு சாகிற மீனையும் அரசு கணக்கிட்டு, ஏரியில் பிடிக்கலாம் என்று வகுத்த வால்ஐயில் மாநிலத்துக்குள்ள பங்கில் கழிக்கிறது. மிச்சப் பங்கு ஓஜிப்வே பழங்குடி மக்களுடையது, 1837 ஒப்பந்தத்தில் அவர்களுக்கு இருந்த உரிமையை 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. படகு இறக்கும் இடத்தில் அன்றைக்கு ஒருவர் எல்லாவற்றுக்கும் அவர்களுடைய வலைதான் காரணம் என்று திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வெள்ளை வயிறுதான் கண்ணில் நின்றது. அதை மிதக்கவிட்டது வலை இல்லை.

ஒப்பினிக்கன்:

மதுரைக்கார நண்பருக்கு: ஒரு கூட்டின் கணக்கு வேறு, ஏரியின் கணக்கு வேறு என்பது உண்மை. அதற்காக அந்தக் கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல முடியாது.

நான் கிங்ஸ்டனில் படிக்கும்போது ஒப்பினிக்கன் ஏரியில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையத்துக்கு உதவியாளாகப் போயிருந்தேன். அந்த ஏரியில் பாஸ் கூடுகளை ஆராய்ச்சியாளர்கள் பல வருடங்களாகப் பார்த்து வருகிறார்கள். முகமூடி போட்டு மூச்சுக்குழாயோடு மிதந்து ஒவ்வொரு கூடாகப் போய் முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஸ்மால்மவுத் ஆண், என் முன்கை நீளம்கூட இருக்காது, நேரே வந்து முகமூடிக் கண்ணாடியில் மோதியது. பின்வாங்கி, செவுளை விரித்து, திரும்பவும் மோதியது. நான் அதைவிட எத்தனை மடங்கு பெரியவன்! உதடு கிழிந்து பழைய முள் பட்ட தழும்பு தெரிந்தது. அந்த மீனின் முகம்தான் எனக்கு நினைவில் நிற்கிறது.

விஷயம் என்னவென்றால், பெண் முட்டை இட்டதும் போய்விடும். குஞ்சுகள் தனியாகத் திரிகிற வரை சில வாரங்களுக்கு ஆண்தான் காவல், அந்த நாட்களில் சரியாக இரையும் தின்னாது. பெரிய ஆணிடம் முட்டை அதிகம், முட்டை அதிகம் இருந்தால் ஆவேசமும் அதிகம். ஆகவே நல்ல தகப்பன்தான் முதலில் முள்ளில் மாட்டும். பிடித்து அந்த இடத்திலேயே உடனே விட்டால் பெரும்பாலும் கூட்டுக்குத் திரும்பும். படம், அளவு, இன்னொரு படம் என்று நேரம் போகப் போகத்தான் ஆபத்து. களைத்துத் திரும்பிய மீன் முன்பு போலத் துரத்தாது, சிலது கூட்டையே கைவிட்டுவிடும். பேரேரிகளில் ரவுண்ட் கோபி என்ற வந்தேறி மீன் வந்த பிறகு இன்னும் மோசம், காவல் விலகினால் அவை கூட்டமாக வந்து முட்டையைத் தின்கின்றன.

படகுத்துறை பார்த்தது சின்ன விஷயம் இல்லை.

சிவப்பு மிதவை:

நீங்கள் எல்லாரும் மீனைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். வால்ஐ திறந்த சனிக்கிழமை, வெயில் நன்றாக அடித்தது, எல்லாரும் டீ-சேர்ட்டில் நின்றார்கள். எங்களுக்குப் பக்கத்தில் சின்ன அலுமினியப் படகு, ஒருவர் வலையில் மீனை எடுக்க எழும்பி நின்றார், படகு சரிந்து உள்ளே விழுந்தார். உடனே கயிறு எறிந்தோம். கயிறு அவருடைய உள்ளங்கையிலேயே கிடந்தது. "பிடியுங்கோ, பிடியுங்கோ" என்று கத்துகிறோம். அவர் கயிற்றைப் பார்க்கிறார், விரல் மடங்கவில்லை. சேர்ட்டைக் கொக்கியால் இழுத்துத்தான் தூக்கினோம். நல்லபடியாக வீட்டுக்குப் போனார். அந்த விரல்கள்தான் இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன.

ஆகவே தயவுசெய்து கேளுங்கள். மே மாதத்தில் காற்று 22 பாகை என்றாலும் தண்ணீர் 10 பாகை அளவில்தான் இருக்கும். குளிர்ந்த நீரைப் பற்றி இங்கே 1-10-1 என்று சொல்லித்தருவார்கள். முதல் 1 நிமிடம் மூச்சு வாங்கும், தலையை மேலே வைத்து மூச்சை அடக்குவதுதான் ஒரே வேலை. அடுத்த 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். உடல் குளிர்ந்து மயங்க ஏறக்குறைய 1 மணித்தியாலம் ஆகும், ஆனால் மிதக்கவைக்க மேலே ஒன்றும் இல்லாவிட்டால் அந்த மணித்தியாலம் உங்களுக்குக் கிடைக்காது. எனக்கு நீச்சல் தெரியும் என்று சொல்லாதீர்கள். விரல் மடங்காதவருக்கு நீச்சல் எங்கே வரும்?

கனடாவில் படகில் உள்ள ஒவ்வொருவருக்கும் அவருடைய அளவில் ஒரு உயிர்காப்பு அங்கி இருந்தாக வேண்டும். பலர் அதை இருக்கைக்குக் கீழே வைத்துவிட்டு சட்டம் நிறைவேறிவிட்டது என்று நினைக்கிறார்கள். விழுந்த பிறகு அதை எடுத்துப் போடவே முடியாது, துறையிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள். பிள்ளைகளுக்கு "வளருவான்தானே" என்று பெரிய அளவு வாங்காதீர்கள், தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அங்கி காதுக்கு மேலே வரக்கூடாது. விசில் ஒன்று கட்டுங்கள். கைபேசியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுப் பையில் வைக்காமல் உடம்பிலேயே வையுங்கள். மீனை வலையில் எடுக்க எழும்ப வேண்டாம், முழங்காலில் நில்லுங்கள். இரண்டு பேர் ஒரே பக்கம் சாயவும் கூடாது.

படகுத்துறை:

மிதவை அண்ணா, நான் கேட்டது மீன் கதை, ஆனால் அந்த விரல் கதையை என் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். மதுரைக்காரருக்கு: அந்தத் தகப்பன் கெட்டவர் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. சட்டத்தையும் விட்டுவிடுங்கள். கூட்டில் நிற்கிற மீன் பசியால் கடிக்கவில்லை, அதனால் அந்தக் கடியை ஏமாற்றி எடுப்பதில் எனக்கு எந்தத் திறமையும் தெரியவில்லை.

ஸ்கூகொக் கரை:

சுருக்கமாக. ஸ்கூகொக் ஏரியில் வால்ஐ 2016 முதல் முழு வருடமும் மூடல். ஒரு காலத்தில் இந்த ஏரிக்கு வந்தவர்கள் எல்லாரும் அதற்காகத்தான் வந்தார்கள். போன மே மாதம் துறையில் நின்று கிராப்பி மீன் பிடித்துக்கொண்டிருந்தேன், சின்ன ஜிக்கில் ஒரு வால்ஐ வந்து மாட்டியது. தங்க நிறம், வால் நுனியில் அந்த வெள்ளைப் பொட்டு. மேலே தூக்காமல் நீரிலேயே முள்ளைக் கழற்றினேன். பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் தன் கோலைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "நில், நில், பார்க்க விடு" என்றார். குனிந்து பார்த்தார். சின்னதா, பெரியதா என்று அவர் கேட்கவே இல்லை. "இந்த அளவில் இருக்கிறதென்றால் மூடிய பிறகு பிறந்ததாக இருக்கும்" என்று இரண்டு தரம் சொன்னார். அவர் சொன்னது சரியா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சரியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மில் லாக்ஸ் மதுரைக்காரன்:

ஒப்பினிக்கன், நேரம்தான் முக்கியம் என்றீர்களே, அது எனக்கு ஏற்புடையது. ஏரி காலியாகாது என்பதில் நான் மாறவில்லை. வால்ஐக்கு வளைந்த சர்க்கிள் முள் போட்டால் தொண்டைக்குள் இறங்குவது குறையும் என்கிறார்கள், அட்டைப்பூச்சி கோத்து மிதவையில் போடுகிறவர்கள் யாராவது பாவித்திருக்கிறீர்களா? நான் இதுவரை ஜிக்கைத் தவிர வேறு போட்டதில்லை.

சிவப்பு மிதவை:

நான் போடுகிறேன். பெரும்பாலும் வாயோரத்தில்தான் கொளுவும். ஆனால் சடாரென்று வெட்டி இழுக்காதீர்கள், இழுத்தால் வாயை விட்டு வந்துவிடும். மிதவை தாழ்ந்ததும் நரம்பை மெதுவாக இறுக்கிச் சுற்றத் தொடங்குங்கள், அது தானாகவே மாட்டும். முள்ளின் முனைக்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் கழற்றுவதும் சுலபம்.