மறு: மருந்து வெயிலுக்கு வேகம் பிடித்தால் என்ன பெயர்? (வெள்ளிக்குள் வேண்டும்)

தருமபுரி, திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். தடய அறிவியல் மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு துணைநூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எட்டு அதிகாரம் முடிந்தது. ஒன்பதாவதில், அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே கையால் நிரப்பிக்கொள்கிறவர்களைப் பற்றி நாலு பக்கம் வருகிறது. அதில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு மூன்று நாளாகிறது. வெள்ளி காலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். துப்பாக்கி மருந்து சூடாக இருந்தால் வேகமாக எரிகிறது. மருந்துமணியின் மேல்பரப்பு பற்றிக்கொள்ளத் தேவையான சூட்டில் ஒரு பங்கு முன்பே ஏறியிருக்கிறது அல்லவா? எரிவேகம் கூடினால் அழுத்தம் கூடும், குண்டும் வேகமாகப் போகும். குளிரில் எல்லாம் தலைகீழ். சாதாரண மருந்தில், ஒரு பாகை பாரன்ஹீட்டுக்கு நொடிக்கு ஏறத்தாழ ஓர் அடி என்று கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். 40 பாகையில் 2,600 அடி வேகத்தில் போன குண்டு 100 பாகையில் 2,660 அடி வேகத்தில் போகும். 600 கஜத்தில் சில அங்குலம் மேலே படும். மருந்துக்கு மருந்து இது மாறும். ஆஸ்திரேலியாவில் செய்து ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் பெயரில் விற்ற வார்கெட் என்ற மருந்து போன்றவை வெயிலுக்கும் குளிருக்கும் அவ்வளவாக அசையாதவை.

இந்தக் குணத்துக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? இப்போதைக்கு 'வெப்ப உணர்திறன்' என்று போட்டு வைத்திருக்கிறேன்.

அஞ்செட்டி, செவ்வாய் காலை

மேடம், உணர்திறன் மட்டும் வேண்டாம். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவன் சொல்கிறேன். வெடிபொருளில் உணர்திறன் என்றால் தட்டினால், உரசினால், பொறி பட்டால் வெடிக்கிற குணம். உங்கள் மாணவன் 'வெயிலில் வைத்தால் வெடிக்கும்' என்று பரீட்சையில் எழுதிவிட்டுப் போவான். நீங்கள் சொல்வது அது இல்லை. மருந்தின் சத்து அப்படியேதான் இருக்கிறது, அதன் அவசரம்தான் கூடுகிறது.

ராஜஸ்தானில் ஒரு ஜூன் மதியம். திறந்த பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தேன். பித்தளை உள்ளங்கையில் ஒட்டின மாதிரி சுட்டது, உடனே அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன். ஹவில்தார் பார்த்துவிட்டு, 'முதலில் பெட்டியை நிழலுக்குத் தள்ளு, அப்புறம் குறி பார்க்கலாம்' என்றார். சுட்டுச் சுட்டுக் காய்ந்த துப்பாக்கியில் தோட்டாவை ஏற்றி வைத்துக்கொண்டு அரட்டை அடித்தாலும் திட்டு விழும்.

அப்புறம் ஒன்று. ஈரம் ஏறிய மருந்துக்கு எங்கள் ஊரில் 'நமுத்துப்போச்சு' என்று ஒரு சொல் இருக்கிறது. சூடேறியதற்கு எதுவும் இல்லை. 'வெயிலேற்றம்' என்று வைக்கலாமா?

ஓசூர், செவ்வாய்

வெயிலேற்றமா? மாடு மயங்கி விழுந்த மாதிரி இருக்கிறது. குளிரிலும் மாறுகிறதே, அதற்குப் பனியேற்றமா? பேசாமல் 'டெம்பரேச்சர் சென்சிடிவிட்டி' என்று தமிழ் எழுத்தில் போடுங்கள். கம்பெனியில் நாங்கள் அப்படித்தான் பேசுகிறோம், எவனுக்கும் புரியாமல் போனதில்லை. நீங்கள் சொல் கண்டுபிடிப்பதற்குள் மருந்தே நமுத்துவிடும்.

அரூர், செவ்வாய் இரவு

அம்மா, ஓசூர்த் தம்பியின் யோசனையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உயிரியல் பாடநூலில் தூண்டல், துலங்கல் என்ற இணை பல்லாண்டாக இருக்கிறது. வெப்பம் தூண்டல், வேகமாறுதல் துலங்கல். ஆகவே 'வெப்பத்துலங்கல்'. துலங்குதல் என்றால் விளங்கித் தோன்றுதல். குணம் வெப்பத்தில் விளங்கித் தோன்றுகிறது, எவ்வளவு பொருத்தம்!

மருந்து என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தைத் தொடங்குவது தோட்டா நிரப்புகிறவனுக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது. தோட்டாவும் அயற்சொல் அன்று என்பது என் நெடுநாள் துணிபு. தோடு என்பது ஓலை, இதழ், மூடியிருக்கும் உறை. உறைக்குள் மருந்தை வைப்பதால் தோட்டா.

ஓசூர், செவ்வாய் இரவு

ஐயா, தெலுங்கில் தூட்டா, கன்னடத்தில் தோட்டா. எங்கள் தெருவில் கன்னடக்காரர்கள் தோட்டா என்றால் பாதிப் பேருக்குத் தக்காளித் தோட்டம்தான் நினைவுக்கு வரும். எந்த ஓலையிலிருந்து வந்தது என்று அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பென்னாகரம், புதன்

அடுத்து யாராவது 'துப்பார்க்குத் துப்பாய' என்று ஆரம்பிக்கும் முன் சொல்லிவிடுகிறேன், குறளில் வரும் துப்பாக்கி உணவு சம்பந்தப்பட்டது. சுடுகிற துப்பாக்கி துருக்கிய வழி வந்தது. அதோடு நிறுத்துவோம்.

ஆனாலும் தகடூர்க்காரர்களுக்கு ஆயுதப் பேச்சு என்றால் ஔவை ஞாபகம் வராமல் இருக்குமா? தொண்டைமானின் வேல்கள் பீலி அணிந்து நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். நம் கலைச்சொற்களும் இப்படித்தான். அகராதியில் நெய் பூசிக் கிடக்கிறவை எத்தனை!

பாலக்கோடு, புதன்

பல் மருத்துவரிடம் போனால் என்ன சொல்கிறோம்? ஐஸ் பட்டால் கூசுது, காபி பட்டால் கூசுது. சூட்டுக்கும் குளிருக்கும் ஒரே சொல்தான். 'வெப்பக்கூச்சம்' என்று வையுங்கள். எங்கள் பாட்டிக்கும் விளங்கும்.

ஓசூர், புதன்

பிரமாதம். அப்படியானால் வார்கெட் கூச்சமில்லாத மருந்தா? வெட்கங்கெட்ட மருந்து என்று மாணவர்கள் பெயர் வைத்துவிடுவார்கள்.

(அரூர் ஐயா இதற்குப் பதில் எழுதினார். கூச்சம், கூசுதல், குறுகுதல் எல்லாம் ஒரே வேர் என்று நாற்பது வரி. படித்தேன், இங்கே மறுபடி ஒட்டவில்லை. - தருமபுரி)

ஊத்தங்கரை, புதன் இரவு

கணக்கு வாத்தியார் நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 'வெப்பநிலைச் சார்பு' என்றால் போதாதா? வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. மேடமே 'வெப்ப' என்றுதான் ஆரம்பித்தார்கள், மூன்று நாளாக யாரும் திருத்தவில்லை. இரண்டாவது லாபம், மேனிலைப் பள்ளிக் கணக்கில் சார்பு என்றால் வேறொரு பொருள் உண்டு. ஒன்றைக் கொடுத்தால் அதற்கேற்ப இன்னொன்று கிடைப்பது. இங்கேயும் வேகம் வெப்பநிலையின் சார்புதானே, மாணவனுக்கு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வார்கெட்டுக்குச் 'சார்பு குறைந்த மருந்து'. யாருக்கும் வெட்கம் போகாது.

அஞ்செட்டி, வியாழன்

சரி, எனக்குச் சம்மதம். வெடித்துவிடும் என்ற அர்த்தம் வரவில்லை, அது போதும்.

அரூர், வியாழன்

சார்பு என்றால் ஒருவர் பக்கம் சாய்வது. கட்சி சார்பு, சாதி சார்பு என்று நாளிதழில் தினமும் வருகிறது. துலங்கலைக் கைவிடுவதாக இல்லை.

தருமபுரி, வியாழன் இரவு

ஐயா, மன்னியுங்கள், எனக்கு நாளை காலை ஒன்பது மணி. 'வெப்பநிலைச் சார்பு' என்றே போட்டுவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில், 'மருந்தின் வெப்பநிலைக்கேற்ப அதன் எரிவேகம் மாறும் அளவு. வெப்பத்தால் தானாக வெடிப்பதைக் குறிக்காது' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அஞ்செட்டி ஐயா சொன்னதற்காகவே அந்த இரண்டாம் பாதி. மாணவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், பனிக்காலத்தில் எல்லைவரை நிரப்பிய தோட்டாவைக் கோடையில் சுட்டால் அழுத்தம் எல்லை தாண்டும். வெற்று உறை துப்பாக்கியின் தோட்டா அறையில் இறுகிக்கொள்ளும், உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் தட்டையாகும். பரிசோதனை மேசையில் அதைப் பார்க்கிறவர், மருந்தை அதிகம் போட்டதாக நினைத்து ஆளையே தப்பாகக் குற்றம் சாட்டக்கூடாது.

துலங்கல் பின்னிணைப்பில் இருக்கிறது. கூச்சத்தை வகுப்பில் சொல்லிக்கொள்கிறேன்.

அரூர், சனி

மெய்ப்பின் படத்தை அனுப்பியதற்கு நன்றி அம்மா. தலைப்பில் 'வெப்பநிலை சார்பு' என்றிருக்கிறது. ச் எங்கே?

தருமபுரி, சனி

அச்சகத்தில் கேட்டேன் ஐயா. இடம் பத்தவில்லையாம்.